ஆங்கிலத்தில் ‘டு’வுக்கும் (to) வினைக்கும் நடுவில் இன்னொரு சொல் உட்காரலாமா?

நுவரெலியாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற ஒரு மகள் கேட்டிருக்கிறார். ஊர் தலவாக்கலைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து 4 மாதம். வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்புவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்கிறார். அதில் ஒரு வரி: ‘வீ ரிக்குவெஸ்ட் யூ டு கைண்ட்லி கன்ஃபேர்ம் யுவர் அரைவல் டைம்.’ மேற்பார்வையாளர் ‘கைண்ட்லி’யைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “டுவுக்கும் வெர்புக்கும் நடுவில எதையும் போடக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லித் தரலையா?” என்று கேட்டாராம். “அப்படி ஒரு விதி இருக்கா சேர்? இருந்தா அந்தச் சொல்லை எங்கே வைக்கிறது?” என்பது இவருடைய கேள்வி.

அதே மின்னஞ்சலில் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: ‘வீ வில் ட்ரை டு ப்ரிப்பேர் குவிக்லி யுவர் ரூம்.’ இதைப் பற்றி அவர் கேட்கவில்லை. மேற்பார்வையாளரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மகள், உட்காரலாம். தாராளமாக உட்காரலாம். உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது ஆங்கிலத்தின் விதி இல்லை. பழைய வாத்தியார்மார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உட்காரலாமா கூடாதா என்று பார்ப்பதைவிட, அந்தச் சொல் எந்த வினைக்குச் சொந்தம் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு நாள்தோறும் உதவும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மழைக்கு ஒழுகிய கூரை சொல்லித் தந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு, முடிவு வரும்வரை மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா இருந்தேன். மேல் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில், 12 காம்பரா. கூரைத் தகரம் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பொரி மாதிரி உதிரும். ஜூன் மாத மழை எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள் சட்டி, வாளி, தாச்சி எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டிலுக்கு மேலே படங்கைக் கட்டி வைத்திருப்பார்கள். தோட்டத் தலைவர்மார் துரையை, அதாவது தோட்ட மேலாளரை, பார்க்கப் போனபோது, பேசியதை இங்கிலீசில் எழுதிக்கொடுக்க என்னையும் கூட்டிப்போனார்கள்.

துரை, அந்தக் கூரைகளை உடனே திருத்தித் தருவதாகத்தான் சொன்னார். நான் முதலில் எழுதியது: ‘தி மேனேஜ்மண்ட் அக்ரீட் டு இமீடியட்லி ரிப்பெயார் தி ரூஃப்ஸ்.’ எழுதிய கையோடு என் பழைய இங்கிலீஸ் வாத்தியார் நினைவுக்கு வந்துவிட்டார். “டுவும் வெர்பும் புருசன் பொஞ்சாதி மாதிரி, நடுவில யாரும் வரக்கூடாது” என்பது அவருடைய பாடம். வெட்டிவிட்டு, அழகாகத் திருத்தி எழுதினேன்: ‘தி மேனேஜ்மண்ட் அக்ரீட் இமீடியட்லி டு ரிப்பெயார் தி ரூஃப்ஸ்.’ இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தார்கள்.

ஒரு மாதம் போனது. மழையும் போகவில்லை, தகரமும் வரவில்லை. தலைவர் அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். துரை படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “ஆமா, உடனே ஒத்துக்கிட்டோம். அன்னைக்கே, இதே மேசையில வச்சே ஒத்துக்கிட்டோமே. உடனே திருத்துறதா இதுல எங்க இருக்கு?”

அவர் சொன்னதில் இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. ‘அக்ரீட்’ என்ற வினைக்கும் ‘டு ரிப்பெயார்’ என்ற வினைக்கும் நடுவில் ‘இமீடியட்லி’யை நிறுத்தி வைத்தவன் நான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் உட்கார்ந்த பூனை மாதிரி அது. எந்த வீட்டுக்காரரும் தன்னுடையது என்று சொல்லலாம், தேவையில்லாதபோது இல்லை என்றும் சொல்லலாம். புதுத் தகரம் அடுத்த வருசம் ஜனவரி வெயிலில் வந்தது. சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் முன்பே வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், தோட்டத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆனால் “என்னா தம்பி, படிச்ச புள்ளன்னு ஒன்ன கூட்டிட்டுப் போனோம்” என்று தலைவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இப்போது அந்த வாக்கியத்தையே வைத்துப் பார்ப்போம். ‘இமீடியட்லி’யை வைக்க மூன்று இடம் உண்டு. ‘டு’வுக்கு முன்னால் வைத்தால் சந்தேகம்: பெரும்பாலும் ஒத்துக்கொண்டது உடனே என்று ஆகும். ‘டு’வுக்கும் ‘ரிப்பெயார்’க்கும் நடுவில் வைத்தால் சந்தேகமே இல்லை: திருத்துவதுதான் உடனே. வாக்கியத்தின் கடைசியில், ‘டு ரிப்பெயார் தி ரூஃப்ஸ் இமீடியட்லி’ என்று வைத்தாலும் திருத்துவது உடனே என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். என்ன, ‘ரூஃப்ஸ்’ என்பதற்குப் பின்னால் ‘மேல் லயத்தில் உள்ள 12 வீடுகளின்’ என்று நீட்டிக்கொண்டே போனால், அந்தச் சொல் வினையை விட்டு எங்கோ தள்ளிப் போய் விழும். ஆகவே என் வாத்தியார் எந்த இடத்தைத் தடை செய்தாரோ அதுதான் அன்றைக்கு மிகப் பத்திரமான இடம்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். தமிழில் ‘உடனே கூரையைத் திருத்த ஒத்துக்கொண்டார்கள்’ என்று எழுதிப்பாருங்கள். அதே சந்தேகம் இங்கேயும் வரும். ‘கூரையை உடனே திருத்த ஒத்துக்கொண்டார்கள்’ என்றால் தெளிவு. ‘கூரையைத் திருத்த உடனே ஒத்துக்கொண்டார்கள்’ என்றாலும் தெளிவு, ஆனால் பொருள் வேறு. தமிழில் ‘உடனே’ மாதிரியான அடைமொழி எந்த வினையின் வாசலில் நிற்கிறதோ அந்த வினைக்குச் சொந்தம். இரண்டு வினையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்போதுதான் குழப்பம். எங்கள் தோட்டத்தில் ஒரு பையனிடம் கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பினார்: “ஒங்கப்பாவ நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு.” பையன் இதை ‘நாளைக்குச் சொல்லச் சொன்னார்கள்’ என்று விளங்கிக்கொண்டு மறுநாள் பின்னேரம் போய் அப்பாவிடம் சொன்னான். அடுத்த நாள் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பதிகிற இடத்துக்கு) போகாமல் அப்பா ஆபீஸ் வாசலில் நின்றார். வரச்சொன்ன நாள் முதல்நாளே போய்விட்டது, இவருக்கு அன்றைக்கு அரைப் பேரும் (அரைநாள் சம்பளமும்) போனது. வரவா, சொல்லவா, எதற்கு அந்த ‘நாளைக்கு’? வாயால் சொல்லும்போது இடையில் ஒரு மூச்சு விட்டால் தீர்ந்துவிடும். எழுத்தில் மூச்சு விட இடமில்லை.

இதில் இன்னொரு விசயம் எனக்குச் சுவையாகப் படும். ‘உடனே திருத்த’, ‘மெதுவாகப் போக’, ‘நன்றாக விளங்க’ என்று தமிழில் அடைமொழி பெரும்பாலும் வினைக்கு நேர்முன்னால்தான் நிற்கும். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் ‘டு இமீடியட்லி ரிப்பெயார்’, ‘டு ஸ்லோலி கோ’, ‘டு க்ளியர்லி அண்டர்ஸ்டாண்ட்’ என்று வரும். அதாவது ‘டு’வைப் பிரிப்பது தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாக வருகிற ஒழுங்கு. பிள்ளை இயல்பாக எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டி, இயல்பில்லாத இடத்துக்கு மாற்றச் சொல்லித்தான் 40 வருசமாகப் பாடம் நடத்துகிறோம். நானும் என் முதல் 10 வருசம் அதையே செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

தமிழில் பிரிக்க எதுவும் இல்லை என்பது வேறு கதை. ‘திருத்த’ ஒரே சொல். நன்னூலார் ‘செய்து, செய்பு, செய்யா, செய்யூ’ என்று வினையெச்ச வாய்பாடுகளை அடுக்குகிற வரிசையில் ‘செய’ என்பதும் வருகிறதே, அந்த வாய்பாடுதான் போக, வர, திருத்த எல்லாம். அதற்குள் எதையும் நுழைக்க முடியாது. வாலில் வேண்டுமானால் ஒட்டலாம்: போகவே, போகத்தான், போகவும். ஆங்கிலத்தில் ‘டு’ தனிச்சொல். அது வினையின் உறுப்பும் இல்லை. ‘லெட் ஹிம் கோ’, ‘ஹீ கேன் கோ’ என்பவற்றில் ‘டு’ இல்லாமலே அதே வினை நிற்கிறது பாருங்கள். இல்லாமலும் வாழத் தெரிந்த ஒன்றைப் பிரித்தால் உயிர் போய்விடும் என்று ஏன் சொன்னார்கள்?

லத்தீனில் இந்த வகை வினை ஒரே சொல், அதைப் பிரிக்க முடியாது, அதனால் ஆங்கிலத்திலும் பிரிக்கக்கூடாது என்று வைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் கதை சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆரம்பத்தில் எதிர்த்தவர்கள் லத்தீனைக் காரணம் காட்டவில்லை. 1834 இல் பெயர் போடாத ஒருவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். 1864 இல் இங்கிலாந்தின் கான்டர்பரிப் பேராலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபர்ட் எழுதினார். யாரோ ஒருவர் ‘டு சயன்டிஃபிக்லி இலஸ்ட்ரேட்’ என்று எழுதுவது சரி என்று அவரிடம் வாதாட, ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் இப்படி ஒரு வழக்கமே இல்லையே என்றார் டீன். அது சரியில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே லயமன் என்ற கவிஞரிடம் அது இருக்கிறது, 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃபின் எழுத்தில் நிறையவே இருக்கிறது. பிறகு சில நூற்றாண்டுகள் அருகிப்போனது உண்மை. ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ் 1786 இல் ‘டு நோப்லி ஸ்டெம்’ என்று கவிதையிலேயே பிரித்தார். அடுத்த நூற்றாண்டில் எல்லோரும் பிரிக்கத் தொடங்கியபோதுதான் காவலர்கள் விழித்துக்கொண்டார்கள். இப்படிப் பிரிப்பதற்கு ‘ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ்’ என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது.

1926 இல் ஹென்றி ஃபவ்லர் என்பவர் தன் ஆங்கில வழக்கு அகராதியில் இந்த விசயத்தை வைத்து ஆங்கிலேயரை 5 சாதியாகப் பிரித்தார்: இது என்னவென்று தெரியாமலும் கவலைப்படாமலும் இருப்பவர், தெரியாமலே கவலைப்படுபவர், தெரிந்து கண்டிப்பவர், தெரிந்து ஏற்பவர், தெரிந்து இடம்பார்த்து முடிவெடுப்பவர். முதல் சாதிதான் பெரும்பான்மை, அவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள் என்பது அவர் கிண்டல். உங்கள் மேற்பார்வையாளர் இரண்டாம் சாதி என்று நினைக்கிறேன். 1947 இல் துப்பறியும் கதை எழுதும் ரேமண்ட் சாண்ட்லர், தான் பிரித்ததைச் சரிபார்ப்பவர் ஒட்டவைத்துவிட்டார் என்று கோபப்பட்டு, நான் பிரித்தால் அது பிரிந்தே இருக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். லண்டன் ‘தி எக்கனொமிஸ்ட்’ பத்திரிகைகூட 2018 இல் தன் நடைக்கையேட்டில் பிரிக்கலாம் என்று இறங்கிவந்துவிட்டது. மலையகத்தில் சில வகுப்பறைகளுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது வரி. மேற்பார்வையாளர் விட்டுவிட்டுப் போன அந்த வரியில்தான் உண்மையான பிழை இருக்கிறது. ‘டு ப்ரிப்பேர் குவிக்லி யுவர் ரூம்.’ இங்கே ‘டு’வும் வினையும் ஒட்டித்தான் நிற்கின்றன, விதிப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஆங்கிலம் பேசிப் பிறந்த ஒருவர் இந்த வரியில் தடுக்கி விழுவார். ஏன் என்றால் ஆங்கிலத்தில் வினையும் அதன் செயப்படுபொருளும்தான் உண்மையான புருசன் பொஞ்சாதி. ‘ப்ரிப்பேர் யுவர் ரூம்’ என்பதற்கு நடுவில் ‘குவிக்லி’ போய்ப் படுக்கக்கூடாது. என் வாத்தியார் உவமையைச் சரியாகத்தான் பிடித்தார், மாப்பிள்ளையைத்தான் மாற்றிவிட்டார்.

நம் பிள்ளைகளின் எழுத்தில் இந்தப் பிழை ஏன் இத்தனை என்று யோசித்திருக்கிறேன். தமிழில் ‘அறையைச் சீக்கிரம் தயார்செய்ய’ என்கிறோம். பொருள், அடைமொழி, வினை. இதை ஆங்கிலத்துக்குத் திருப்புகிற பிள்ளை, வினையை முன்னால் கொண்டுபோகிறது, பொருளைப் பின்னால் தள்ளுகிறது, நடுவில் இருந்த அடைமொழி நடுவிலேயே நின்றுவிடுகிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரி: வினை, அடைமொழி, பொருள். கண்ணாடி விம்பம் முழுசாகச் சரி, அதனாலேயே பிழை என்று தோன்றுவதில்லை. ‘டு ரீட் கேர்ஃபுல்லி தி லெட்டர்’, ‘டு ஸ்பீக் ஃப்ளூவன்ட்லி இங்லிஷ்’, ‘டு டூ வெல் மை ஜொப்’ என்று வேலைக்கு விண்ணப்பிக்கிற கடிதங்களில் எத்தனை பார்த்திருப்பேன். மூன்றையும் திருத்த ஒரே வழிதான்: அடைமொழியைப் பொருளுக்கு அப்பால் தள்ளுங்கள். ‘டு ரீட் தி லெட்டர் கேர்ஃபுல்லி.’ இல்லையா, வினைக்கு முன்னால் இழுங்கள். ‘டு கேர்ஃபுல்லி ரீட் தி லெட்டர்.’ ‘வெல்’ மட்டும் முன்னால் வராது, அது எப்போதும் கடைசியில்தான்: ‘டு டூ மை ஜொப் வெல்.’ விதிவிலக்கு ஒன்று உண்டு. பொருள் மிக நீளமாக, ரயில்பெட்டி மாதிரி கோர்த்துக்கொண்டு போனால், நடுவில் அடைமொழியை வைத்தால் ஏற்பார்கள். ‘கொழும்பிலிருந்து போன கிழமை வந்த எல்லாக் கடிதங்களையும்’ என்ற அளவுக்கு நீண்டால் ‘டு ரீட் கேர்ஃபுல்லி’ என்று தொடங்குவதில் குறையில்லை. விடுதி மின்னஞ்சலில் அந்தத் தேவை வராது.

எப்போது, எங்கே என்று சொல்கிற சொற்கள் கடைசிக்குத்தான் போகும். ‘டு கம் டுமோரோ’, ‘டு வெயிட் ஹியர்’. ‘டு டுமோரோ கம்’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அதை விட்டுவிடலாம். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்றவை வினைக்குமுன் நிற்க விரும்பும்: ‘ட்ரை டு ஆல்வேஸ் ஸ்மைல்’ என்று உங்களுக்கு வேலைக்குச் சேர்ந்த நாளில் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் இந்த மேற்பார்வையாளராக இருந்தால் நீங்கள் அதை நினைவூட்டலாம், வேலை உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றால்.

சில இடத்தில் பிரிக்காமல் எழுதவே முடியாது. 2022 இல் கோதுமை மாவு விலை ஏறிக்கொண்டே போனது நினைவிருக்கும். ரொட்டி சுடாத லயம் ஏது. ‘மாவு விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறும் என்று எதிர்பார்க்கிறோம்’ என்பதை ‘வீ எக்ஸ்பெக்ட் தி பிரைஸ் டு மோர் தன் டபுள்’ என்பதைவிட வேறு எப்படிச் சொல்வது? ‘மோர் தன்’ என்பதைத் தூக்கி ‘டு’வுக்கு முன்னால் வைத்துப்பாருங்கள், வாக்கியம் படுத்துவிடும். கடைசியில் வைத்தாலும் அதே. ‘ரியலி’யும் ஏறக்குறைய அப்படித்தான். ‘டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்’ என்பது உள்ளபடியே விளங்கிக்கொள்வது. ‘ரியலி டு அண்டர்ஸ்டாண்ட்’ என்று மாற்றினால் கோட்டு சூட்டுப் போட்டு, கழுத்துப்பட்டை இறுக்கி ஒருவர் பேசுவது மாதிரி இருக்கும். ‘ஜஸ்ட்’, ‘ஈவன்’, ‘அக்சுவலி’ எல்லாம் பேச்சில் ‘டு’வுக்குப் பின்னால் தயக்கமே இல்லாமல் வந்து உட்காரும் சொற்கள்.

‘டு பி’ வந்தால் யாருக்கும் சண்டை இல்லை. தொழிற்சாலையில் டீமேக்கர் சொல்வார், கொழுந்து சரியாக வாட வேண்டும் என்று. ‘தி லீஃப் ஹேஸ் டு பி ப்ரொப்பர்லி விதர்ட்.’ அடைமொழி ‘பி’க்குப் பின்னால், அடுத்த சொல்லுக்கு முன்னால். இதையும் பிரிவினை என்று வெட்டுகிற அதிதீவிர வாத்தியார்களைக் கண்டிருக்கிறேன், ‘டு’வும் ‘பி’யும் ஒட்டித்தானே நிற்கின்றன என்று கேட்டால் பதில் வராது.

‘நாட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஆளுக்கே ஆபத்து வரலாம். மருந்து அடித்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டாம் என்று வெளிக்கள உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். ‘ஐ டோல்ட் தெம் நாட் டு ப்ளக் தேர்.’ எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். இதையே ‘ஐ டிட்ண்ட் டெல் தெம் டு ப்ளக் தேர்’ என்று எழுதினால், எடுக்கச் சொல்லவில்லை என்றாகும். முதலாவதில் எச்சரித்திருக்கிறார். இரண்டாவதில் வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் இரண்டும் இரண்டு முடிவு. தமிழில் ‘வேண்டாம்’, ‘சொல்லவில்லை’ என்று இரண்டு தனித்தனிச் சொல் இருப்பதால் நமக்கு இது குழம்புவதே இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ‘நாட்’ இடம் மாறி இரண்டு வேலையையும் பார்க்கிறது. வழக்கமான இடம் ‘டு’வுக்கு முன்னால்: ‘நாட் டு கோ’. ‘டு நாட் கோ’ என்பதும் இப்போது பேச்சில் நிறையக் கேட்கிறது, போகாமலே இருந்துவிடுவது என்று அழுத்திச் சொல்வதற்கு. எழுதும்போது முதலாவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒன்லி’யும் இந்த மாதிரி இடம்விட்டு இடம் அலைகிற ஆள். நாம் ‘கொழுந்தை மட்டும் எடுக்க’, ‘கொழுந்து எடுக்க மட்டும்’ என்று ‘மட்டும்’ என்பதை வேண்டிய சொல்லின் வாலில் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எதற்குரியதோ அதன் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடம் சரியாக இருந்து சொல் பிழைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் நான் தனியார் வகுப்பு நடத்தியபோது ஒரு பையன் கடைவேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தான். ‘ஐ ப்ராமிஸ் டு வேர்க் ஹார்ட்லி.’ ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’, ‘குவிக்’குக்கு ‘குவிக்லி’ என்றால் ‘ஹார்ட்’டுக்கு ‘ஹார்ட்லி’தானே? அவன் கணக்கில் பிழையில்லை. ஆனால் ‘ஹார்ட்லி’ என்றால் அரிதாக, பேருக்கு. வேலையே செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அந்தச் சொல்லுக்கு ‘லி’ போடாமல் ‘டு வேர்க் ஹார்ட்’ என்றால்தான் கடின உழைப்பு. ‘லேட்’, ‘லேட்லி’யும் அப்படி. பிந்தி வருவது ‘டு கம் லேட்’, அதில் ‘லி’ ஒட்டினால் அண்மைக்காலமாக என்று போய்விடும்.

எழுதும்போது இதெல்லாம் நினைவில் நிற்காது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு குறுக்குவழி: எழுதிய வரியை வாய்விட்டுப் படித்து, அடைமொழி வந்ததும் நிறுத்தி, “எத?” என்று கேளுங்கள். உடனே... எத? ஒத்துக்கிட்டதையா, திருத்துறதையா? இரண்டு பதில் வந்தால் சொல்லை நகர்த்துங்கள். ஒரே பதில் வந்தால், அது ‘டு’வுக்குப் பின்னால் இருந்தாலும் முன்னால் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் ‘கைண்ட்லி’யை இப்படிக் கேட்டுப் பார்ப்போம். மேற்பார்வையாளர் விருப்பப்படி ‘வீ ரிக்குவெஸ்ட் யூ கைண்ட்லி டு கன்ஃபேர்ம்’ என்று மாற்றினால், அன்பாகக் கேட்டுக்கொள்வது நீங்களா, அன்புகூர்ந்து உறுதிசெய்ய வேண்டியது விருந்தினரா? இரண்டு பதில். நீங்கள் எழுதியதில் ஒரே பதில். ஆகவே உங்கள் வரி அவருடையதைவிட நல்லது. ஆனாலும் நானாக இருந்தால் இரண்டையும் அனுப்ப மாட்டேன். ‘ரிக்குவெஸ்ட் யூ டு கைண்ட்லி’ என்பது நம் பக்கத்து அலுவலகக் கடிதங்களின் குரல். கச்சேரிக்கு (மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு) மனுக் கொடுக்கிற மாதிரி. விடுமுறைக்கு வருகிறவருக்கு ‘ப்ளீஸ் கன்ஃபேர்ம் யுவர் அரைவல் டைம்’ என்றாலே மரியாதை குறையாது. வட்டம் போட இடமும் இருக்காது.

உங்களில் யாராவது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதுகிற தம்பி தங்கைக்கு இதைக் காட்டினால் ஒன்று சொல்லுங்கள்: விடைத்தாள் திருத்துகிறவர் ஃபவ்லர் சொன்ன ஐந்தில் எந்தச் சாதி என்று தெரியாது. பொருள் கெடாது என்றால் அடைமொழியைக் கடைசியில் வைத்துவிட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளட்டும். பொருள் கெடும் என்றால் பிரிக்கட்டும்.

மற்ற வரியை ‘வீ வில் ட்ரை டு ப்ரிப்பேர் யுவர் ரூம் குவிக்லி’ என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள் மகள். ‘ட்ரை’யையும் எடுத்துவிடலாம், பதுளை ரயிலில் நானுஓயாவில் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிற மனுசருக்கு அறை தயாராக இருக்கும் என்றே எழுதுங்கள்.